வணிகத் திட்டப் போட்டி: நம் பிள்ளைகள் எதை எழுதிக்கொண்டு போக வேண்டும்?



ஆலங்குடிப் பக்கத்திலிருந்து என் மண்டிக்குச் சரக்கு எடுக்க வரும் மளிகைக்கடைக்காரர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் தம் மகனை அழைத்து வந்தார். பையன் பட்டப்படிப்பு முடித்தவன். திருச்சியில் இளம் தொழில் முனைவோருக்காக மண்டல அளவில் ஒரு வணிகத் திட்டப் போட்டி நடக்கிறது, அதற்கு எழுதியிருக்கிறான், பார்த்துச் சொல்லுங்கள் என்றார். மரச்செக்குக் கடலை எண்ணெய்த் தொழில். அழகான அட்டை போட்டு 30 பக்கம் கணினியில் அடித்திருந்தான். எண்ணெயின் நன்மை 8 பக்கம், நம் முன்னோர் பெருமை 4 பக்கம், படங்கள் 10 பக்கம். கணக்கு கடைசி ஒரு பக்கம்.

நான் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு "நல்லாயிருக்கு தம்பி" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். அது என் தவறு. போட்டியில் நடுவராக இருந்தவர்களில் ஒருவர் ஒரே ஒரு கேள்வி கேட்டிருக்கிறார்: "பருப்பு விலை கிலோவுக்குப் 10 ரூபாய் ஏறினால் என்ன செய்வீர்கள்?" பையனுக்குப் பதில் வரவில்லை. பரிசும் வரவில்லை. திரும்பி வந்து என் எதிரில் உட்கார்ந்து, "அய்யா, அந்தக் கேள்வியை நீங்க கேட்டிருக்கலாமே" என்றான். அந்தச் சொல் என்னைத் தைத்தது. மறு வாரம் இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். அன்று போட்ட கணக்கைத்தான் இங்கே பாடமாக எழுதுகிறேன். நம் கடைகளில் வளர்ந்த பிள்ளைகள் பலர் இன்று இத்தகைய போட்டிகளுக்கும் அரசுத் திட்டங்களுக்கும் எழுதுகிறார்கள். அவர்களுக்குக் கேள்வி கேட்க நாம் கற்றுக்கொள்ள வேண்டும்.

இந்தப் போட்டி எங்கிருந்து வந்தது?

வணிகத் திட்டப் போட்டி என்பது அமெரிக்கக் கல்லூரிகளில் பிறந்தது. டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1984-ல் மாணவர்களுக்கென ஒரு போட்டி தொடங்கினார்கள். எம்.ஐ.டி. நிறுவனத்தில் 1990-ல் 10,000 டாலர் பரிசு என்று ஆரம்பித்தது, பின்னாளில் லட்சம் டாலராக வளர்ந்தது. தொழில் தொடங்க விரும்புகிறவர் தம் திட்டத்தை எழுதி, பணம் போடக்கூடியவர்கள் முன்னால் நின்று விளக்கி, அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். இதுதான் அதன் சாரம்.

பெயர் புதிதே தவிர விஷயம் நமக்குப் புதிதல்ல. நம் மாவட்டத்துத் திருமயம் பகுதியும் சேர்ந்த செட்டிநாட்டிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் கடல் கடந்து போன நகரத்தார், ஏஜெண்டை அனுப்பும்போதே முதல் எவ்வளவு, எத்தனை ஆண்டு, சம்பளம் என்ன என்று எழுதித்தான் அனுப்பினார்கள். மூன்றாண்டு ஒரு கணக்கு. தவணை முடிந்ததும் ஐந்தொகை எடுத்துப் பார்ப்பார்கள். வாய்ப்பேச்சுக்கு அங்கே இடமில்லை. எழுத்தும் தொகையும்தான் பேசின.

நம் தமிழ்நாட்டில் இன்று என்னென்ன உண்டு?

முதலாவது, தமிழ்நாடு அரசின் ஸ்டார்ட்அப் டிஎன் அமைப்பு நடத்தும் டான்சீட் ஆதார நிதித் திட்டம். விண்ணப்பங்களைச் சலித்து, தேர்வானவர்களை நடுவர் குழு முன் பேசச் சொல்லி, 10 லட்சம் ரூபாய் கொடுக்கிறார்கள். பெண்கள் நடத்தும் தொழில், கிராம வாழ்வாதாரம், பசுமைத் தொழில் ஆகியவற்றுக்கு 15 லட்சம் வரை. பதிலுக்கு நிறுவனத்தில் சிறு பங்கு எடுத்துக்கொள்கிறார்கள். இங்கே நம்மவர்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. மத்திய அரசின் ஸ்டார்ட்அப் அங்கீகாரம் தனிநபர் உரிமைக் கடைக்குக் கிடையாது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகவோ, எல்.எல்.பி.யாகவோ, பதிவு செய்த கூட்டாண்மையாகவோ இருக்க வேண்டும். "எங்க கடை பேர்லயே போட்டுடலாம்" என்று கடைசி நாளில் போய் ஏமாறக் கூடாது.

இரண்டாவது, சின்னிகிருஷ்ணன் பெயரில் கவின்கேர் நிறுவனமும் சென்னை மேலாண்மைச் சங்கமும் சேர்ந்து 2011 முதல் வழங்கிவரும் புதுமை விருது. புதுப் பொருளோ புது முறையோ கண்டுபிடித்துச் சிறு தொழில் நடத்துகிறவர்களுக்கானது. இந்தப் பெயரின் கதை நம் கடைப் பலகையிலேயே தொங்குகிறது. கடலூரைச் சேர்ந்த சின்னிகிருஷ்ணன்தான் ஷாம்புவைச் சின்ன பாக்கெட்டில் அடைத்து விற்கும் வழியைக் காட்டியவர். அவர் மகன் சி.கே. ரங்கநாதன் 1983-ல் 15,000 ரூபாய் முதலில் தனியாகத் தொழில் தொடங்கினார். அதுதான் சிக் ஷாம்பு. காலி உறை ஐந்து கொண்டுவந்தால் ஒரு சிக் பாக்கெட் இலவசம் என்றார். முதலில் எந்தக் கம்பெனி உறை ஆனாலும் சரி, ஆள் பழகிய பிறகு சிக் உறை மட்டும். பாட்டில் வாங்கக் காசில்லாத கிராமத்து ஆள் என்ன செய்வார் என்று அறிந்தவர் போட்ட திட்டம் அது. அந்த உறைகளைக் கடையில் எண்ணி வாங்கிய பெரியவர்கள் நம்மில் இன்றும் இருக்கிறார்கள்.

மூன்றாவது, போட்டி என்ற பெயரில்லாவிட்டாலும் அதே உழைப்பைக் கேட்கும் கடன் திட்டங்கள். தமிழ்நாடு அரசு 2012-13-ல் தொடங்கிய நீட்ஸ் திட்டம், 8-ஆம் வகுப்புத் தேறியவர்களுக்கான வேலையில்லா இளைஞர் வேலைவாய்ப்புத் திட்டம், மத்திய அரசு 2008-ல் தொடங்கிய பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டம் ஆகியவை இவை. மூன்றிலும் மானியம் உண்டு. மூன்றிலும் திட்ட அறிக்கை வேண்டும். வயது, படிப்பு, தொகை வரம்புகள் அவ்வப்போது மாறுவதால், விண்ணப்பிக்கும் வாரத்தில் புதுக்கோட்டை மாவட்டத் தொழில் மையத்துக்கு நேரில் போய்க் கேட்டுக்கொள்வதே நல்லது. யாரோ ஏஜெண்ட் சொன்னதை நம்ப வேண்டாம். நகல் எடுத்த திட்ட அறிக்கையை விலைக்கு வாங்கவும் வேண்டாம். அதில் உள்ள தொகை உங்கள் ஊர்த் தொகை அல்ல.

இனிப் பாடத்துக்கு வருவோம்.

1. வாங்குகிறவர் யார் என்று எண்ணுங்கள்

பையன் எழுதியிருந்தது: "தமிழ்நாட்டில் 7 கோடிப் பேர் உள்ளனர். இதில் ஒரு சதவீதம் பேர் வாங்கினாலும் 7 லட்சம் வாடிக்கையாளர்கள்." இப்படி எழுதாத இளைஞர் குறைவு. இதை நம்புகிற நடுவரும் குறைவு. 2011 கணக்கெடுப்பின்படி நம் மாவட்டத்திலேயே 16 லட்சத்துக்கு மேல் ஜனம். அதனால் என்ன? அவர்கள் எல்லாரும் இன்று எங்கோ எண்ணெய் வாங்கிக்கொண்டுதானே இருக்கிறார்கள்? அந்தக் கடையை விட்டு ஏன் உங்களிடம் வர வேண்டும்?

நான் சொன்ன வழி இது. சைக்கிளோ பைக்கோ எடுத்துக்கொண்டு ஒரு வாரம் சுற்று. 40 கடையில் ஏறு. செக்கு எண்ணெய் வைத்திருக்கிறார்களா, மாதம் எத்தனை லிட்டர் போகிறது, என்ன விலை, பணம் கையிலா கடனா என்று நான்கே கேள்வி கேட்டு நோட்டில் எழுது. அவன் சுற்றி வந்து சொன்னது: வாங்கி வைக்கும் கடையில் சராசரி மாதம் 10 லிட்டர். ஏழு கோடியைவிட இந்தப் பத்துக்கு மதிப்பு அதிகம்.

2. ஒரு லிட்டரின் அடக்க விலை

கணக்கு புரிவதற்காக முழுத்தொகையாக வைத்துக்கொள்வோம். விலைகள் நாளுக்கு நாள் மாறும், முறை மாறாது. வரியை நீக்கியே போடுகிறேன்.

கடலைப் பருப்பு 100 கிலோ, கிலோ 120 வீதம்: 12,000 ரூபாய்.
மின்சாரமும் ஆட்டுக்கூலியும்: 700 ரூபாய்.
செக்கில் எண்ணெய் 40 கிலோ, அதாவது சுமார் 44 லிட்டர். பாட்டில், லேபிள், அட்டைப்பெட்டி லிட்டருக்கு 12 வீதம்: 528 ரூபாய்.
மொத்தம்: 13,228 ரூபாய்.
பிண்ணாக்கு 57 கிலோ, கிலோ 40 வீதம் வரவு: 2,280 ரூபாய்.
நிகர அடக்கம்: 10,948 ரூபாய். 44 லிட்டரால் வகுத்தால் லிட்டர் 249 ரூபாய்.
கடைக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க லிட்டருக்கு 4 ரூபாய். ஆக 253 ரூபாய்.

கடைக்காரர் 320-க்கு விற்க வேண்டுமானால் அவருக்கு 285-க்காவது கொடுக்க வேண்டும். அதில் 5 சதவீத ஜி.எஸ்.டி. போனால் கையில் நிற்பது 271. லிட்டருக்கு மிச்சம் 18 ரூபாய். பையன் தன் அறிக்கையில் 320-லிருந்து 249-ஐக் கழித்து 71 ரூபாய் லாபம் என்று எழுதியிருந்தான். நடுவில் கடைக்காரர் என்று ஒருவர் இருப்பதையே மறந்துவிட்டான், அதுவும் கடைக்காரர் மகன்!

3. முதலுக்கு மோசமில்லாத அளவு எது?

ஷெட் வாடகை 6,000. வேலையாள் சம்பளம் 12,000. கடன் தவணை 9,000. மாதம் 27,000 நிலைச் செலவு. இதை 18-ஆல் வகுத்தால் 1,500 லிட்டர். மாதம் 1,500 லிட்டர் விற்றால்தான் கையைக் கடிக்காது. கடைக்கு 10 லிட்டர் என்றால் 150 கடை வேண்டும்.

இதில் இன்னொன்று விட்டுப் போயிற்று. "உனக்குச் சம்பளம் எங்கே தம்பி?" என்றேன். "நம்ம தொழில்தானே அய்யா" என்றான். இது நாம் எல்லோரும் செய்யும் பிழை. காலை 6 மணிக்குக் கடை திறந்து இரவு 10 வரை நிற்கிறோம், வீட்டம்மாவும் நிற்கிறார், கூலி போடுவதில்லை. பிறகு லாபம் என்கிறோம். அவனுக்கு மாதம் 20,000 போட்டால் நிலைச் செலவு 47,000. விற்பனை 2,611 லிட்டர் ஆக வேண்டும். 261 கடை. ஒரே ஆள் ஆட்டி, அடைத்து, 261 கடைக்கும் கொண்டுபோய்ப் போட்டு, வசூலும் செய்ய முடியுமா? இந்தக் கேள்வியை வீட்டிலேயே கேட்டுவிட்டால் மேடையில் தலை குனிய வேண்டியதில்லை.

4. அந்த 10 ரூபாய்க் கேள்வி

பருப்பு கிலோவுக்கு 10 ரூபாய் ஏறினால் 100 கிலோவுக்கு 1,000 ரூபாய். 44 லிட்டரால் வகுத்தால் லிட்டருக்கு 22 ரூபாய் 70 காசுக்கு மேல். நம் மிச்சமே 18. ஆக லிட்டருக்கு 4 ரூபாய்க்கு மேல் நஷ்டம். விற்க விற்க நஷ்டம்! நடுவர் சூட்சுமமான ஆள். ஒரே கேள்வியில் தொழிலின் நாடியைப் பிடித்துவிட்டார்.

மூலப்பொருள் விலையே பெரும்பகுதியாக உள்ள எந்தத் தொழிலுக்கும் இது பொருந்தும். ஆதனக்கோட்டை முந்திரியை வறுத்து அடைத்தாலும் சரி, கடற்கரை ஊர்களில் கருவாடு பாக்கெட் போட்டாலும் சரி, சரக்கு விலை 10 சதவீதம் ஏறினால் என்ன, விற்பனை பாதியானால் என்ன என்று இரண்டு கணக்கைத் தனித் தாளில் போட்டு வையுங்கள். கெட்ட காலத்தையும் எழுத வேண்டும். 2018 நவம்பர் 16-ல் கஜா புயல் அடித்தபோது நம் மாவட்டத்துத் தென்னை என்ன ஆயிற்று என்று நமக்குத் தெரியும். தேங்காயை நம்பித் திட்டம் எழுதுகிறவர் அதை மறைத்து எழுதினால் அந்தத் திட்டம் முழுமையாகாது.

5. கடைகளில் தூங்கும் பணம்

மிக முக்கியமான இடம் இது. பையன் செக்குக்கும் ஷெட்டுக்கும் 4 லட்சம் கேட்டிருந்தான். நடைமுறை மூலதனம் என்ற இடத்தில் 50,000 என்று எழுதியிருந்தான். அவன் நோட்டில் இருந்த 40 கடையில் பெரும்பாலோர் சொன்னது "ஒரு மாதக் கடன்". 1,500 லிட்டரை 285 வீதம் ஒரு மாதக் கடனுக்குக் கொடுத்தால் 4,27,500 ரூபாய் கடைகளில் நிற்கும். அதே 1,500 லிட்டருக்கு வேண்டிய பருப்பு சுமார் 3,409 கிலோ. ஒரு மாத இருப்புக்கு 4,09,000 ரூபாய். இரண்டும் சேர்ந்து 8,36,500. எந்திரத்துக்குக் கேட்டதைப் போல் இரண்டு மடங்கு! விவசாயிக்குக் கைக்காசு, கடைக்காரரிடம் கடன். இந்த இடுக்கில்தான் புதுத் தொழில்கள் மூச்சுத் திணறிச் சாகின்றன.

இங்கே நம் முகத்தையும் நாம் பார்த்துக்கொள்ள வேண்டும். பல ஆண்டுகளுக்கு முன் அப்பளம் போட்டு என் மண்டிக்குக் கொடுத்துவந்த ஓர் அம்மா இருந்தார். சரக்கு சுத்தம், அளவு சுத்தம். பெரிய கம்பெனிச் சரக்குக்கு முன்பணம் கட்டிய நான், அவருக்கு மட்டும் "அடுத்த வாரம் வாங்கம்மா" என்று இரண்டு மாதம் இழுத்தேன். பணம் இல்லாமல் அல்ல, கேட்க மாட்டார் என்ற தைரியம். ஒருநாள் அவர் வரவில்லை. உளுந்து வாங்கக் காசில்லாமல் தொழிலை விட்டுவிட்டார் என்று பிறகுதான் தெரிந்தது. மீதியைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தொழிலைக் கொடுக்க முடியவில்லை.

இப்போது சட்டமும் பேசுகிறது. 2006-ஆம் ஆண்டுக் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் சட்டப்படி, பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் கொடுக்க வேண்டும். 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல் வருமான வரியிலும் இது சேர்ந்துவிட்டது. கெடு தாண்டி ஆண்டு முடிவில் நிற்கும் தொகையை அந்த ஆண்டுச் செலவாகக் கழிக்க முடியாது, கொடுத்த ஆண்டில்தான் கழிக்கலாம். வியாபாரியிடம் வியாபாரி வாங்கும் சரக்குக்கு இது வராது. ஆனால் உத்யம் பதிவு உள்ள செக்குக்காரரோ மசாலாப்பொடிக்காரரோ நேரடியாகப் போடும் சரக்குக்கு வரும். உங்கள் கணக்கருக்கு உங்கள் நிலை தெரியும், அவரிடம் கேட்டு வையுங்கள்.

6. சட்டப் பக்கம் ஒன்று தனியாக

உணவுப் பொருள் என்றால் உணவுப் பாதுகாப்புத் துறையின் பதிவோ உரிமமோ, பொட்டலப் பொருள் விதிகள் 2011-ன்படி லேபிளில் எடை, விலை, தயாரித்த மாதம், முகவரி, ஜி.எஸ்.டி. பதிவு இவை ஒவ்வொன்றும் எந்த நிலையில் உள்ளது என்று எழுதுங்கள். சமையல் எண்ணெயைத் திறந்த டின்னில் சில்லறையாக விற்பது 2011 விதிகளால் தடுக்கப்பட்டுள்ளது. பலருக்கு இது தெரியவில்லை. நடுவருக்குத் தெரியும்.

7. மேடையில் பேசும்போது

பத்து நிமிடம் கொடுத்தால் எட்டு நிமிடத்தில் முடியுங்கள். யார் வாங்குவார், அடக்கம் என்ன, மிச்சம் என்ன, எத்தனை விற்றால் நிலைக்கும், எவ்வளவு பணம் வேண்டும், அதை எதில் எதில் போடுவேன் என்ற ஆறையும் தாள் பார்க்காமல் சொல்லத் தெரிய வேண்டும். தெரியாத கேள்விக்குத் "தெரியாது, விசாரித்துச் சொல்கிறேன்" என்பது மரியாதை. சமாளிப்பது கடனாளியின் பேச்சு போல் கேட்கும். ஆங்கிலம் வரவில்லையே என்று கூச வேண்டாம். தொகை எந்த மொழியிலும் ஒரே தொகைதான். போவதற்கு முன் ஒரு மாலை சங்கக் கட்டடத்தில் நம் பெரியவர்கள் பத்துப் பேர் முன் பேசிப் பார்க்கட்டும். கொள்முதலில் நரைத்த தலைகள் கேட்காத கேள்வியை எந்த நடுவரும் கேட்டுவிட மாட்டார்.

பையன் என்ன ஆனான்?

கணக்கு முடிந்ததும் அவன் முகம் வாடிவிட்டது. "அப்போ இந்தத் தொழில் வேண்டாமா அய்யா?" என்றான். "தொழில் வேண்டும், இந்தத் திட்டம் வேண்டாம்" என்றேன். நான்கு நாள் கழித்து அவனே புதுக் கணக்கோடு வந்தான். சுற்றுவட்ட விவசாயிகள் கொண்டுவரும் கடலையையும் எள்ளையும் கூலிக்கு ஆட்டிக் கொடுப்பது முதல் வேலை. பருப்பு அவர்களுடையது, ஆகவே விலை ஏற்றமும் அவர்களுடையது. கூலி கைக்காசு. மீதி நேரத்தில் ஆட்டும் எண்ணெயைச் செக்கடியிலேயே பாட்டிலில் அடைத்து ரொக்கத்துக்கு விற்பது. நடுவில் யாருமில்லாததால் மிச்சமும் கூடுதல். கடைகளுக்கு என்றால் பத்தே கடை, பதினைந்தே நாள் கெடு.

அந்தப் பத்தில் என் கடையும் ஒன்று. பதினைந்தாம் நாள் காலை பாக்கியை எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்ற வேலை பார்க்கிறேன். அவன் வேறு எந்தப் போட்டிக்கும் பிறகு போகவில்லை. செக்கு ஓடிக்கொண்டிருக்கிறது.

போட்டியில் ஒருவருக்கோ மூவருக்கோதான் பரிசு. கணக்குப் போட்ட அத்தனை பேருக்கும் கணக்கு மிஞ்சும். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நம் பிள்ளைகள் போடப்போவது ஆற்றில் அல்ல, வாழ்க்கையில். அடுத்த முறை எந்தப் பையனாவது, எந்தப் பெண்ணாவது அட்டை போட்ட அறிக்கையோடு உங்கள் கல்லாப்பெட்டி முன் வந்து நின்றால், "நல்லாயிருக்கு" என்று அனுப்பிவிடாதீர்கள். ஸ்டூலைப் போட்டு உட்காரச் சொல்லி, கடைசிப் பக்கத்திலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.